முசியே தனிஸ்லாஸ் வீட்டு காஸ் அடுப்பு

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஆண்ட காலத்தில் எங்கள் தெருவில் முசியே தனிஸ்லாஸ் ரிவியேர் என்றால் எல்லோருக்கும் தெரியும். சம்பா கோவில் என்கிற மாதா கோவிலுக்குப் பின்புறம், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடு. நீதிமன்றத்தில் ஆவணப் பிரிவில் கொமி உத்தியோகம். கொமி என்றால் எழுத்தர்தான். ஆனால் எழுத்தர் என்று அவர் காதுபடச் சொன்னவர்கள் யாரும் அவர் வீட்டில் இரண்டாம் முறை காபி குடித்ததில்லை. ரிவியேர் என்ற குடும்பப் பெயர் அவருடைய தாத்தா, பழைய வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது வந்தது. அந்தக் கையெழுத்து போட்ட நாளிலிருந்து தம் குடும்பம் பிரான்சில்தான் வாழ்கிறது என்பது தனிஸ்லாசின் எண்ணம். இடையில் கடல் இருப்பதை அவர் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. பிரான்சை அவர் பார்த்ததும் இல்லை.

அவருடைய மனைவி புஷ்பமேரி அக்கா இதற்கெல்லாம் மறுப்புச் சொன்னதில்லை. அவருக்குச் சொல்லவும் நேரம் இல்லை. பின்கட்டில் தாழ்ந்த கூரையின் கீழ் விறகடுப்பு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரச் சவுக்கு விறகு எரியாமல் புகையும். அந்தப் புகை முதலில் அக்காவின் கண்ணுக்குப் போகும், பிறகு நெஞ்சுக்கு. சென்ற மழைக்காலத்தில் அவர் இருமிய இருமலைக் கேட்டு, பூசையில் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தை மாதத்தில் மருத்துவரிடம் போனபோது அவர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, தனிஸ்லாசைப் பார்த்துப் பேசினார்.

"இன்னொரு மழைக்காலம் இந்த விறகுப் புகையில உக்காந்தாங்கன்னா நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன், முசியே தனிஸ்லாஸ். புகையில்லாத அடுப்பு ஏதாவது பாருங்க. மழைக்கு முன்னாடி."

"உடனே பார்க்கறேன், தொக்தேர்," என்றார் தனிஸ்லாஸ். சொன்னபடியே பார்க்கவும் ஆரம்பித்தார். அங்கேதான் சிக்கல்.

அக்காவுக்கு என்ன வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். பெரிய கடை என்கிற சந்தைப் பக்கம் அரிகிருஷ்ணன் கடையில் பித்தளையில் பம்பு ஸ்டவ் அடுக்கி வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி, பம்பு அடித்து, பற்ற வைத்தால் நீல நெருப்பு. ஒரு சனிக்கிழமை அவர் கணவரை அங்கே அழைத்துக்கொண்டு போனார். வீட்டிலிருந்து குழம்புச் சட்டி ஒன்றையும் கூடையில் எடுத்துப் போயிருந்தார். ஸ்டவ்வின் மேல் அதை வைத்து, ஆட்டிப் பார்த்து, கைப்பிடி பக்கம் சாய்கிறதா என்று குனிந்து பார்த்தார். சாயவில்லை.

"இது போதும்," என்றார்.

தனிஸ்லாஸ் ஸ்டவ்வைத் தொடவில்லை. கைத்தடியின் நுனியால் சுட்டிக் காட்டினார். "இது எங்கேர்ந்து வருது?"

"மெட்ராஸ்லேர்ந்து வருது முசியே," என்றார் அரிகிருஷ்ணன்.

"அதான் பார்த்தேன். இங்கிலீஷ்காரன் சாமான்."

"இங்கிலீஷ்காரன் இல்ல முசியே, சுவீடன்காரன் செஞ்சது. மெட்ராஸ்ல இறக்கறாங்க, அவ்ளோதான்."

"எல்லையத் தாண்டித்தானே வந்திச்சு?"

"எல்லையத் தாண்டாம எதுங்க வருது நம்ம ஊருக்கு? நீங்க நேத்து வாங்கின உருளைக்கிழங்குகூட எல்லையத் தாண்டித்தான் வந்திச்சு."

தனிஸ்லாஸ் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைப்படி இறங்கினார். அக்கா சட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அவர் பேசவில்லை. அவர் பேசாமல் வந்தால் தம் பேச்சு எடுபட்டது என்று தனிஸ்லாஸ் எடுத்துக்கொள்வது வழக்கம்.

அடுத்த வாரம் தனிஸ்லாஸ் அலுவலகத்திலிருந்து ஒரு கத்தலோக், அதாவது சாமான் பட்டியல், கொண்டுவந்தார். பிரான்சில் ஒரு பெரிய வியாபார நிலையம் தபாலிலேயே சாமான் அனுப்புமாம். துப்பாக்கி முதல் தொப்பி வரை அதில் படம் போட்டிருந்தது. அந்தக் கத்தலோக்கில் சமையலறைப் பகுதியில் தனிஸ்லாஸ் தம் அடுப்பைக் கண்டார். அதை அடுப்பு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ரெஷோ என்பார். வெள்ளை எனாமல் பூசிய பலகை போன்ற தட்டு, அதன் மேல் வரிசையாக மூன்று கண்கள், முன்னால் பித்தளைத் திருகுகள். விறகு வேண்டாம், கரி வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். குழாய் வழியாக வரும் காஸில் எரியும்.

"காஸ் எங்க இருக்குது?" என்று அக்கா கேட்டார்.

"பாரீஸ்ல வீட்டுக்கு வீடு இருக்குது."

"நம்ம வீட்டுல?"

"வரும். கரண்டு வரும்னு சொன்னப்பவும் சிரிச்சாங்க. இப்போ உன் தலைக்கு மேல எரியலையா? மெரியில பேச்சு நடக்குது. தேர்தல் முடிஞ்சதும் வேலை ஆரம்பிக்கப் போறாங்களாம். காபிக்கடையில கேட்டேன்."

மெரி என்பது நகரசபை. அங்கே அப்படி ஒரு பேச்சு நடந்ததாக வேறு யாரும் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை. அந்த வருஷம் வாக்குக் கேட்க வந்த ஒருவருடைய ஆள், காபிக்கடையில் உட்கார்ந்துகொண்டு யார் எதைக் கேட்டாலும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவர் உப்பளத்துக்குப் பாலம் கேட்டார், வரும் என்றான். தனிஸ்லாஸ் காஸ் கேட்டார்.

ஆனாலும் அக்கா அந்தப் படத்தை ஒதுக்கிவிடவில்லை. எப்படியும் வரப்போகிற அடுப்பு என்றால் அது தம் பானைக்குப் பொருந்த வேண்டும் என்று நினைத்தார் போலும். கத்தலோக்கில் போட்டிருந்த அளவைத் தனிஸ்லாஸ் படிக்க, அவர் அடுக்களைத் தரையில் கரித்துண்டால் மூன்று வட்டம் போட்டார். சோற்றுப் பானையை ஒரு வட்டத்தில் வைத்தார். குழம்புச் சட்டியைப் பக்கத்து வட்டத்தில் வைக்கப் போனால் அது பானையின் தோளில் இடித்தது.

"ரெண்டு ஓரத்துலயும் வைக்கலாம். நடுவுல உள்ளது சும்மா கிடக்கும்," என்றார்.

"நடுவுல உள்ளது காபிக்கு."

"காபிக்குன்னு தனியா ஒரு கண்ணா?"

"பிரான்சுல அப்படித்தான்."

"பிரான்சுல சோறு எதுல வடிக்கிறாங்க?"

தனிஸ்லாஸ் கத்தலோக்கின் பக்கத்தைத் திருப்பினார். அவருக்கு அப்போது வேறு கவலை இருந்தது. அந்த ரெஷோ வெள்ளை, நீலம், சாம்பல் என்று நிறங்களில் கிடைத்தது. எதை எடுப்பது என்று ஆவணப் பிரிவு முழுவதும் கூடி விவாதித்தது. நீலம் கொடியின் நிறம் என்றார் ஒருவர். கொடியில் வெள்ளையும் இருக்கிறதே என்றார் இன்னொருவர். சாம்பல் நிறம் அழுக்குத் தாங்கும் என்று சொன்னவரை எல்லோரும் பார்த்த பார்வையில் அவர் தம் கோப்புக்குத் திரும்பினார். காஸைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தமக்கு அது பற்றித் தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா? கடைசியில் வெள்ளைக்குத் தபால் போயிற்று.

ஆவணி மாதத்தில் கப்பல் வந்தது. கப்பலிலிருந்து சலங்குப் படகில் ஏற்றிக் கடல் பாலத்தில் இறக்கி, சுங்கத்தில் முத்திரை வைத்து, மாட்டுவண்டியில் அந்தப் பெட்டி தெருவுக்குள் வந்தபோது தனிஸ்லாஸ் அதன் பின்னால் கோட்டுப் போட்டு நடந்து வந்தார். மாதா சுருபம் வருகிறதோ என்று ஓரிருவர் வாசலுக்கு வந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அதை வைக்க மேடை வேண்டும். உட்கார்ந்து சமைக்கிற பெண்ணுக்கு நின்று சமைக்க மேடை எதற்கு என்று கேட்ட கொத்தனாரிடம், இது மதாம்கள் சமைக்கிற முறை என்று தனிஸ்லாஸ் விளக்கினார். குழாய் வருவதற்காக மேடையின் உள்ளே முழுவதும் காலியாக விடச் சொன்னார். முன்பக்கமும் திறப்பு. குழாய் வரும்வரை அந்தத் திறப்பில் பூனை படுத்துக்கொண்டது.

புதிதாக ஒன்று வீட்டுக்குள் வந்தால் மந்திரிக்க வேண்டும். பங்குச் சாமியார் வந்தார். அவர் பிரான்சிலிருந்து வந்த வெள்ளைக்காரர். தமிழை எங்களைப் போலவே பேசுவார். ரெஷோவைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு திருகைத் திருகினார். மறுபடி மூடினார்.

"காஸ் எங்கே, தனிஸ்லாஸ்?"

"வரும் சாமி."

"அப்படியா," என்று சாமியார் தம் புத்தகத்தைப் புரட்டினார். கிணற்றுக்கு மந்திரிப்பு இருந்தது, படகுக்கு இருந்தது, காஸ் அடுப்புக்கு இல்லை. கடைசியில் சுண்ணாம்புக் காளவாய்க்கு உரிய செபத்தைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். நெருப்பு சம்பந்தப்பட்டது அது ஒன்றுதான் கிடைத்தது என்றார்.

காபி குடிக்கும்போது தனிஸ்லாஸ் மெதுவாகக் கேட்டார். "உங்க வீட்டுலயும் இந்த மாதிரிதானே சாமி? மூணு கண்ணா, ரெண்டு கண்ணா?"

"எங்க வீட்டுலயா? எங்கம்மா விறகுலதான் சமைச்சாங்க. இப்பவும் எங்க அண்ணி விறகுதான். மழை பெய்ஞ்சா வீடு பூரா புகை." சாமியார் பின்கட்டுக் கூரையைப் பார்த்தார். "இதோ, இதே மாதிரி கூரை."

அவர் போன பிறகு, சாமியார் மிகவும் எளிய குடும்பத்திலிருந்து வந்தவர், பாவம் என்று தனிஸ்லாஸ் அனுதாபப்பட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. காஸ் வரவில்லை. தேர்தல் முடிந்திருந்தது, காபிக்கடை ஆளையும் காணோம். அக்கா வெள்ளை ரெஷோவைத் தினமும் துணியால் துடைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் ஈர விறகை ஊதினார். முதல் வாரத்திலேயே இருமல் வந்துவிட்டது. மூச்சு இழுக்கும் சத்தம் அடுத்த வீட்டில் எங்களுக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டவரால் எழ முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினோம். இந்த மழையைத் தாண்டுவாரா என்று பெண்கள் கோவில் வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். அதை அவரும் கேட்டார்.

அந்த வாரம்தான் தனிஸ்லாஸ் ஒரு நல்ல செய்தியோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய அலுவலகத் தலைவர், ஷெஃப் சவரிராயன், மனைவியோடு ஞாயிறு மதியம் விருந்துக்கு வருகிறார். யுத்தத்தின்போது துலோன் நகரில் படைவீடுகளில் இருந்தவர் அவர். நீதிமன்றத்திலேயே பிரான்சின் மண்ணை மிதித்தவர் அவர் ஒருவர்தான்.

"ரெஷோவப் பார்க்கணுமாம். அதுல சமைச்சதைச் சாப்பிட்டுப் பார்க்கணுமாம்."

"வரட்டும்," என்றார் அக்கா.

"கோழி, மீன், பிரியாணி. எல்லாம் நல்லா இருக்கணும்."

"நல்லாவே செய்யறேன். அதுல."

"எதுல?"

"ரெஷோவுல."

"புஷ்பம், காஸ் இன்னும் வரலியே."

"எப்போ வரும்?"

"வரும்."

"அப்போ சோறும் அப்பதான் வரும். எனக்குப் புகை ஆவாது. தொக்தேர் உங்களப் பார்த்துத்தான் சொன்னாரு."

அவர் குரலை உயர்த்தவில்லை. தனிஸ்லாஸ் அதை ஒரு பேச்சு என்றே நினைத்தார். மறுநாள், சனிக்கிழமை மதியம் அலுவலகத்திலிருந்து வந்தபோது பின்கட்டில் அடுப்பு எரியவில்லை. அடுக்களையில் ரெஷோவின் ஒரு கண்ணில் சோற்றுப் பானை, இன்னொரு கண்ணில் குழம்புச் சட்டி. திருகுகள் இரண்டும் முழுதாகத் திறந்திருந்தன. அக்கா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

தனிஸ்லாஸ் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பச்சைத் தண்ணீரில் அரிசி.

"என்ன பண்ற?"

"சமையல்."

"வேகலியே."

"காஸ் வரட்டும்னு பார்த்துட்டு இருக்கேன்."

"விளையாடாத, புஷ்பம். நாளைக்கு ஷெஃப் வர்றாரு."

"நான் விளையாடல. வரும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் நம்பறேன்." இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் அவர் விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார்.

தனிஸ்லாஸ் ரொட்டிக்கடைக்குப் போய் ரொட்டி வாங்கித் தின்றார். திரும்பி வந்தபோதும் பானை அதே இடத்தில் இருந்தது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் பலமுறை நடந்தார். ஷெஃப் நாளைக்குப் பச்சரிசியைப் பார்ப்பதை நினைத்தார். மனைவியின் மூச்சையும் கேட்டார். இரண்டில் எது அவரை வாசலுக்குத் தள்ளியது என்று தெரியாது. தெரு அவரைப் பற்றி நல்லதாகவே நினைத்து, இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டது. மழை விட்டிருந்தும் குடையை முகத்துக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அவர் அரிகிருஷ்ணன் கடைக்குப் போனார்.

அன்று கடையில் நடந்ததை அரிகிருஷ்ணன் பிறகு அக்காவிடம் சொல்லிச் சிரித்தார்.

"பம்பு ஸ்டவ் ரெண்டு வேணும். எனக்கில்ல, ஒரு சிநேகிதருக்கு."

"சிநேகிதருக்கு ரெண்டா, முசியே?"

"பெரிய குடும்பம்."

"இது இங்கிலீஷ்காரன் ஊரு வழியா வந்ததுங்க. உங்க சிநேகிதரு ஒண்ணும் சொல்ல மாட்டாரே?"

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. பரந்த மனசு."

"அப்போ அவருகிட்ட சொல்லுங்க. முதல்ல இந்தக் கிண்ணத்துல ஸ்பிரிட்ட ஊத்திப் பத்த வைக்கணும். சூடேறின பிறகுதான் பம்பு அடிக்கணும். அவசரப்பட்டா குப்புன்னு எரிஞ்சி மீசை போயிடும். அவருக்கு மீசை இருக்குதுங்களா?"

தனிஸ்லாஸ் தம் மீசையைத் தடவிக்கொண்டு, இருக்கிறது என்றார்.

ஸ்டவ்கள் சாக்கில் சுற்றிப் பின்சந்து வழியாக வீட்டுக்குள் வந்தன. அக்கா செபமாலையை ஆணியில் மாட்டிவிட்டு எழுந்தார். மற்றதை அவரே பார்த்துக்கொண்டார். ரெஷோவின் இரண்டு ஓரத்துக் கண்களிலிருந்தும் உள்ளிருந்த இரும்பு வாய்களைத் திருகிக் கழற்றினார். வட்டத் துவாரம் மட்டும் மிஞ்சியது. மேடையின் காலியிடத்தில் செங்கல் வைத்து உயரம் சரிசெய்து, துவாரத்துக்கு நேர் கீழே ஸ்டவ்வை நிறுத்தினார். நெருப்பு துவாரத்தின் வழியாக மேலே வந்து பானையின் அடியைப் பிடித்தது. முன்பக்கத் திறப்புக்குப் பழைய சேலையில் ஒரு திரை. பூனை வேறு இடம் பார்த்துக்கொண்டது. அன்றைய மதியச் சோற்றை அவர்கள் அந்தியில் சாப்பிட்டார்கள். புகை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷெஃப் சவரிராயன் தொப்பியைக் கையில் பிடித்தபடி அடுக்களை வாசலில் வந்து நின்றார். வெள்ளை எனாமல் பளபளத்தது. பானையின் கீழே நீல நெருப்பு. உஸ் என்ற சத்தம் அறை முழுக்க இருந்தது.

"இந்தச் சத்தம்தான்," என்றார் ஷெஃப் கண்ணை மூடி. "துலோன்ல எங்க படைவீட்டுச் சமையல்கட்டுல இதே சத்தம்தான்." பிறகு மூக்கை உறிஞ்சினார். தனிஸ்லாஸ் மூச்சை நிறுத்திக்கொண்டார். மண்ணெண்ணெய் வாடையை, அதற்கென்றே அவர் மேடையில் வைத்திருந்த ரோசாப்பூவாலும் மறைக்க முடியவில்லை. "இந்த வாசனையும்தான். காஸ் வாசனையை ஒரு தடவை பிடிச்சவன் மறக்க மாட்டான்."

"உங்களுக்குத் தெரியாததா, ஷெஃப்."

"எப்போ இணைப்புக் குடுத்தாங்க? எங்க தெருவுக்கு இன்னும் வரலியே."

"பரீட்சைக்குன்னு முதல்ல ஒரு வீட்டுக்கு மட்டும், ஷெஃப். வெளியில சொல்ல வேண்டாம்னாங்க."

ஷெஃப் முகம் மாறியது. தமக்கு முன்னால் தம் கீழுள்ள கொமிக்கு ஒன்று வந்துவிட்டது. தமக்கு அதைச் சொல்லவும் இல்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு அவர் தலையை ஆட்டினார். "ஆமாம், ஆமாம். எங்கிட்டயும் போன மாசமே வந்து கேட்டாங்க. நான்தான் அவசரமில்லன்னு சொல்லி அனுப்பினேன்."

இருவரும் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்கள்.

ஷெஃப் மனைவி மதாம் ரோசா அடுக்களையிலேயே நின்றுவிட்டார். பருமனான பெண். படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கண்ணோரம் இரண்டும் சிவந்திருந்தன. மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருக்கும் சிவப்பு அது. அவர் ரெஷோவைப் பார்க்கவில்லை. குனிந்து, திரையின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். அக்கா கரண்டியோடு நின்றார், தடுக்கவில்லை.

மதாம் ரோசா திரையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கூடத்தில் ஆண்கள் துலோனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கடை?" என்று கேட்டார், மெதுவாக.

"அரிகிருஷ்ணன் கடை. பெரிய கடைக்குப் பின்னாடி சந்துல."

"பம்பு அடிக்கறது கஷ்டமா?"

"மாவு ஆட்டறதுல பாதிகூட இல்ல மதாம்."

"எத்தனை நாளா நான் இதைக் கேட்டுட்டு இருக்கேன் தெரியுமா உனக்கு?" மதாம் ரோசா வெள்ளை எனாமலை விரலால் தட்டினார். "இந்தப் பலகைக்கு என்ன பேரு?"

"ரெஷோ."

"முதல்ல இது வரணும் எங்க வீட்டுக்கு. இது மேல வந்தாத்தான் அது கீழ வரும். அந்தக் கத்தலோக்கக் கொஞ்சம் குடும்மா. சாப்பாடு ஆனதும் நான் அவரு கண்ணுல படற மாதிரி வைக்கறேன்."

கோடை வருவதற்குள் அந்தக் கத்தலோக் பல வீடுகளுக்குப் போயிற்று. கப்பலில் வெள்ளை ரெஷோக்கள் வந்தன, ஒரு நீலமும் வந்தது. கொத்தனார் நகரத்தில் அரைவாசிக்கு மேடை கட்டினார். எல்லா மேடைக்கும் திரை இருந்தது. அரிகிருஷ்ணன் கடைக்குச் சிநேகிதர்களுக்காக ஸ்டவ் வாங்க வருகிற முசியேக்கள் அதிகமானார்கள். ஒருவர் வீட்டில் இன்னொருவர் விருந்து சாப்பிடும்போது காஸின் வாசனையைப் புகழ்வது மரியாதையாயிற்று.

தை மாதத்திலேயே அக்காவை மருத்துவர் மறுபடி பார்த்திருந்தார். குழலை முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார். மூச்சு இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். சென்ற வருஷம் கேட்ட சத்தம் இல்லை. "நல்லா ஆயிடுச்சி. இதே மாதிரி இருக்கட்டும்," என்றார்.

வெளியே வந்ததும் அக்கா, "பம்புல காத்து நிக்கல. உள்ள இருக்கிற தோல் தேஞ்சிடுச்சி," என்றார்.

தனிஸ்லாஸ் புஸ்வண்டியைத் தள்ளிவந்த ஆளைப் பெரிய கடைப் பக்கம் திருப்பச் சொன்னார். அக்கா மாவு ஆட்டும் நேரத்தில் காலையில் பம்பு அடிப்பது அவர்தான் என்பது தெருவுக்குத் தெரியும். அரிகிருஷ்ணன் ஒரு தோல்வட்டை எடுத்துக் கொடுத்தார். தனிஸ்லாஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் வளைத்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓரத்தைச் சோதித்தார்.

"இது காஞ்சிருக்கு. ஒரு மாசத்துல சுருங்கும்," என்று திருப்பிக் கொடுத்தார். "எண்ணெயில ஊறப் போட்டது வச்சிருப்ப இல்ல, அதை எடு."